ஒரே பங்கசு, இரண்டு உருவம்: அதற்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கேள்வி: 2023 நவம்பர் 12, பி.ப. 5.40

உயர்தரம் உயிரியல் படிக்கிறேன், ஹாலிஎல பக்கம். வகுப்பில் சேர் ஒரு வரி சொன்னார்: "குளிரில் இழை, சூட்டில் மதுவம் (யீஸ்ட், உருண்டைக் கலம்)." நோய் தரும் சில பங்கசுகள் இப்படி உருவம் மாறுமாம். கண்டிடா என்ற பங்கசு அதற்கு நேர் எதிர் என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. எது சரி? அப்புறம், நம்ம ஊர் குளிர். அப்படியென்றால் இங்கே வரும் பங்கசு நோயெல்லாம் இழை உருவத்தில்தானே வரவேண்டும்? ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 12, இரவு 8.15

இரண்டும் சரி தங்கச்சி. உன் முடிவுதான் பிழை. நோய் வருவது ஊருக்கு இல்லை, உடம்புக்கு. தை மாதம் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி கிடக்கும்போதும் உன் நாக்குக்குக் கீழே 37 பாகைதான்.

சேர் சொன்னது ஹிஸ்டோபிளாஸ்மா, பிளாஸ்டோமைசஸ், ஸ்போரோத்ரிக்ஸ் மாதிரி ஆட்களைப் பற்றி. அவை மண்ணிலும் மக்கிய இலையிலும் நூல் நூலாக வளரும். ரோசா முள் குத்தியோ மூச்சோடு போயோ உடம்புக்குள் வந்துவிட்டால் நூலை விட்டுவிட்டு உருண்டைக் கலமாகிவிடும். கண்டிடா அல்பிகன்ஸ் நம் வாயிலும் குடலிலும் ஏற்கனவே குடியிருக்கிற ஆள். சும்மா இருக்கும்போது உருண்டை, தோலைத் துளைக்கக் கிளம்பும்போது நூல். வெளியிலிருந்து வருகிற ஆளுக்கு உள்ளே பரவ உருண்டை வசதி. உள்ளேயே இருக்கிற ஆளுக்குச் சுவரைத் துளைக்க நூல் வசதி. நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன், பரீட்சையில் அப்படியே எழுதிவிடாதே.

நவம்பர் 12, இரவு 10.50

தூக்கம் வரவில்லை. "யார் சொல்லிக்கொடுப்பது" என்ற பகுதியை விட்டுவிட்டேன்.

தோட்டத்துப் பெரட்டை, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற கூட்டத்தை, நினைத்துக்கொள். தொர பங்களாவில் ஒன்று சொல்வார், அதைக் கணக்கப்பிள்ளை வாங்கிக் கங்காணியிடம் சொல்வார், கங்காணி "அஞ்சாம் நம்பர் மலைக்குப் போங்க" என்பார். கொழுந்து பறிக்கிற கைக்குத் தொரையைத் தெரியாது. கலத்துக்குள்ளும் இதே கதைதான். கண்டிடாவில் ராஸ் என்று ஒரு புரதம் கலமென்சவ்வில் இருக்கிறது. அது விழித்துக்கொண்டால் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியத்தை உசுப்பும். அந்த நொதியம் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற சின்ன மூலக்கூறை உண்டாக்கும். அது கூடினால் புரதக் கைனேஸ் ஏ என்ற இன்னொரு நொதியம் பூட்டுக் கழன்று வேலைக்கு இறங்கும். அது போய் ஈ.எஃப்.ஜி.1 என்ற ஆளைத் தட்டும். அந்த ஆள்தான் கருவுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்தெந்தப் பரம்பரை அலகுகளைத் திறப்பது என்று பார்ப்பது. திறந்ததும் உருண்டையின் ஒரு பக்கம் முளை விடும்.

சூடு இதில் எங்கே நுழைகிறது? எச்.எஸ்.பி.90 என்று ஒரு புரதம் இந்த வரிசையைக் கையால் அமுக்கிவைத்திருக்கிறது. சூடு ஏறினால் கலத்துக்குள் உருக்குலைகிற புரதங்கள் கூடும், அவற்றைத் தாங்கிப்பிடிக்க எச்.எஸ்.பி.90 ஓடவேண்டும். அது அங்கே போனதும் இங்கே பிடி தளரும். 2009இல் இது வெளியானது. காவலுக்கு நின்றவன் தீயணைக்கப் போன நேரத்தில் வாசல் திறந்த கதை.

நவம்பர் 13, மதியம்

இடைவேளையில் எழுதுகிறேன். இந்தச் சூட்டு விடயம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, ஒரு கேத்தலால்தான் புரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது, மார்கழி மாதம், இராத்திரி டியூட்டி. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம், மேட்டில் இருக்கிறது, ஜன்னல் சரியாகப் பூட்டாது, அது போதும். ஒரு நோயாளியின் மாதிரியில் மதுவம் வளர்ந்திருந்தது. அல்பிகன்ஸா இல்லையா என்று பார்க்க முளைக்குழாய்ப் பரிசோதனை: அரை மில்லிலீற்றர் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்), அதில் குடியிலிருந்து (தட்டில் வளர்ந்த மதுவக் கூட்டம்) கொஞ்சம் தொட்டுக் கலக்கி, 37 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம். பிறகு ஒரு துளி ஸ்லைடில். உருண்டையிலிருந்து வால் கிளம்பியிருந்தால் பெரும்பாலும் அல்பிகன்ஸ். கிளம்புகிற இடத்தில் கழுத்து இறுகியிருக்கக் கூடாது. இறுகியிருந்தால் அது வேறு சாதி நூல், பொய் நூல்.

மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். ஒரு வால் கூட இல்லை. உருண்டை உருண்டையாக, மழைக்குப் பிறகு கொட்டிக்கிடக்கிற நாவல்பழம் மாதிரி. "அல்பிகன்ஸ் அல்ல" என்று எழுதிவிட்டேன். அல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃபுளுக்கனசோல் என்ற பங்கசு மருந்துக்கு மடங்கும். கண்டிடா குருசெய் என்ற இனத்துக்கு அந்த மருந்து பிறவியிலேயே ஏறாது. அதனால் என் ஒரு வரியை நம்பி டொக்டர் விலை கூடிய மருந்துக்கு மாற்றப்போனார். மாற்றுவதற்கு முன் சந்தேகப்பட்டு ஒரு கோல் எடுத்தார், பிழைத்தேன்.

அப்போதுதான் டியூப்பைச் சூட்டில் வைக்கிற தண்ணீர்த் தொட்டியை, வாட்டர் பாத்தை, பார்த்தேன். லைட் எரியவில்லை. பிளக்கில் கேத்தல் செருகியிருந்தது. கூட டியூட்டி பார்த்த அண்ணன் பிளேன்டி போட வாட்டர் பாத்தைக் கழற்றிவிட்டு மறந்துவிட்டார். விரலை விட்டுப் பார்த்தால் பீலித் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அல்பிகன்ஸ் என்று தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு மாதிரியைப் பக்கத்தில் வைத்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும், வைக்கவில்லை. அது என் பிழை. கேத்தல் அண்ணனின் பிழை. இன்றுவரை எங்கள் ஆய்வுகூடத்தில் அவர் பெயர் "கேத்தல்".

நவம்பர் 13, இரவு

வெலிமடையில் தோட்டம் செய்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கட உருளைக்கிழங்குக்கு வர்ற கருகல் பங்கசும் இப்படித்தானா?"

அண்ணே, அது பங்கசே இல்லை. பைட்டோப்தோரா. பார்க்கப் பங்கசு மாதிரி நூல் விடும். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கிளப்பியதும் அதுதான். ஆனால் வம்சம் வேறு, கடற்பாசிகளுக்குக் கிட்டின சொந்தம். கலச்சுவரில் பெரும்பாலும் செலுலோசு வகை, பங்கசில் மாதிரி கைட்டின் இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி வீண்போகவில்லை. அதன் வித்திப்பையும் குளிரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. 12, 13 பாகையில் ஈரம் இருந்தால் பை உடைந்து வால் வைத்த நீந்தும் வித்திகள் வெளியே வரும், ஒரு பையிலிருந்து பல. 20 பாகைக்கு மேல் போனால் பை உடையாமல் தானே நேராக முளைவிடும். அதனால்தான் மூட்டம் இறங்கி, இலை நனைந்து, குளிர் பிடித்த இரவுக்குப் பிறகு ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கக் கறுக்கிறது.

நவம்பர் 14, காலை

போஞ்சியை மறந்துவிட்டேன், வெலிமடை அண்ணன் போஞ்சியும் போடுவார்தானே. போஞ்சி இலையில் வரும் துரு உண்மையான பங்கசு, யூரோமைசஸ். அதன் முளைக்குழாய்க்குக் கண் இல்லை, ஆனால் தடவிப் பார்க்கத் தெரியும். இலைவாயைச் சுற்றியிருக்கிற காவற்கலங்களின் உதடு சற்று மேலே எழும்பி நிற்கும். முளைக்குழாய் இலைமேல் ஊர்ந்து வந்து அந்த உதட்டில் தட்டுப்பட்டதும் நின்று, நுனியைக் குமிழாக்கி, இலைவாய் வழியே உள்ளே போகும். 1987இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தகட்டில் வேறு வேறு உயரத்தில் மேடு செதுக்கிப் பங்கசை ஊரவிட்டார்கள். இலையும் இல்லை, சாறும் இல்லை, மணமும் இல்லை. அரை மைக்ரோமீற்றர் உயர மேட்டில் நன்றாகக் குமிழ் வந்தது. கால் மைக்ரோமீற்றர் போதவில்லை, ஒரு மைக்ரோமீற்றருக்கு மேல் போனால் அதுவும் சரிவரவில்லை. மேடு ஏறுவதால் சவ்வில் உண்டாகிற இழுவையே சமிக்ஞை என்று கருதுகிறார்கள்.

குருடன் கையால் தடவி வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கிற மாதிரி என்று எழுதப்போனேன். அரை மைக்ரோமீற்றரை எந்த விரலும் தடவாது.

நவம்பர் 14, மாலை

"கோப்பியை அழித்ததும் துருதானே" என்று ஒருவர். ஆமாம், ஹெமிலீயா. 1869இல் இங்கே பிடிபட்டது. பேராதனையிலிருந்து போன மாதிரியைப் பார்த்து பெர்க்லியும் புரூமும் பெயர் வைத்தார்கள். அதுவும் இலைவாய் தேடுகிற சாதிதான். கோப்பி போய்த் தேயிலை வந்தது, தேயிலையோடு நம் ஆட்கள் மலையில் நிலைத்தார்கள். அதைப் பேசத் தொடங்கினால் நிற்காது, தனி இழை திறங்கள்.

நவம்பர் 15, இரவு 9.30

தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த வருசம் எங்கள் அம்மாயிக்கு நினைவிருந்தது. 1946இல் அது இலங்கைக்கு வந்தது, அஸ்ஸாமில் அதற்கு முன்பே இருந்தது. அம்மாயி அப்போதுதான் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாராம். "கொழுந்துக்கு அம்மை போட்டுருச்சு" என்றுதான் லயத்தில் சொன்னார்களாம். கோயிலில் கூழ் ஊற்றியிருக்கிறார்கள்.

நான் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். கொழுந்தை வெளிச்சத்துக்குப் பிடித்தால் முதலில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி ஒரு புள்ளி, ஊடே வெளிச்சம் தெரியும். நாள் போகப்போக மேல்பக்கம் குழிந்து, கீழ்ப்பக்கம் உப்பும். உப்பின பக்கத்தில் வெள்ளை வெல்வெட் துணி ஒட்டின மாதிரி வித்தி பூக்கும். விரலால் தொட்டால் மாவு. முற்றின இலையில் வராது, இளசில்தான் வரும். பறிக்கிற இலையே இளசு, அதுதான் கொடுமை. அம்மா பறித்து வைத்த மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) கொப்புளக் கொழுந்தைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை.

இது எக்ஸோபசிடியம். வித்தி விழுந்து, இலை பல மணித்தியாலம் நனைந்திருந்தால் முளைத்து, நுனியில் குமிழ் வைத்துத் துளைக்கும். வட்டம் முழுக்கச் சுற்றி வர 11 முதல் 28 நாள். வெயில் நன்றாக எறித்தால் வித்தி சாகும். அதனால்தான் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வெயில் மணித்தியாலங்களைக் கணக்குப் பார்த்து மருந்தடிக்கும் முறையை வைத்தார்கள். அடிப்பது பெரும்பாலும் செப்பு மருந்து. செப்பு முளைக்கிற வித்தியைக் கொல்லும், உள்ளே போய்விட்டதை ஒன்றும் செய்யாது.

இந்தப் பங்கசை உயிருள்ள தேயிலைக்கு வெளியே வளர்த்துப் பார்ப்பது பெரும்பாடு. அதனால் கண்டிடாவில் தெரிந்த மாதிரி அதன் உள் கம்பிகளை யாரும் எளிதில் பிரித்துக் காட்ட முடிவதில்லை. நெல்லில்தான் அந்த வேலை நடந்தது. நாளைக்கு.

நவம்பர் 16

நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். தடிமன்.

நவம்பர் 18, காலை

நெல் எரிபந்தம். ஊவாப் பக்கம் அடுக்குவயல்களில் பார்த்திருப்பீர்கள், இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். இதன் வித்திக்கு மூன்று அறை. இலையில் விழுந்தால் நுனியில் இருக்கும் பசை ஒட்டும். முளைக்குழாய் வரும். அடியில் இருப்பது கெட்டியாகவும் தண்ணீர் ஒட்டாததாகவும் இருக்கிறதா என்று பார்க்கும், இலை மெழுகு அப்படித்தான் இருக்கும். சாப்பாடு கிடைக்கவில்லை என்பதும் ஒரு சமிக்ஞை. இரண்டும் பொருந்தினால் நுனி வீங்கி ஒரு கறுத்த குமிழ் ஆகும். வித்தி தன்னையே கரைத்து அந்தக் குமிழுக்குக் கொடுத்துவிட்டுச் சாகும்.

குமிழுக்குள் கிளிசரோல் சேரும், தண்ணீர் இழுக்கும், அழுத்தம் ஏறும். 8 மெகாபஸ்கால் வரை அளந்திருக்கிறார்கள். கார் டயரில் காற்று 0.2 மெகாபஸ்கால் சொச்சம். நாற்பது மடங்கு! சுவர் வெடிக்காமல் இருப்பது மெலனின் பூச்சால். அடியில் மட்டும் ஒரு சின்ன வட்டம் மெலனின் இல்லாமல் இருக்கும், அந்த வழியாக ஊசி இலைக்குள் இறங்கும்.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். இங்கேயும் அதே சைக்ளிக் ஏ.எம்.பிதான். தண்ணீர் ஒட்டுகிற பரப்பில் வைத்தால் பங்கசு குமிழ் வைக்காது. வெளியிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பியை ஊற்றினால் வைத்துவிடும், இடம் பொருந்தவில்லை என்று தெரியாமலே. பக்கத்தில் இன்னொரு வரிசையும் ஓடுகிறது, பி.எம்.கே.1 என்ற கைனேஸ். 1996இல் அதை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். பங்கசு சுகமாக வளர்ந்தது, வித்தியும் வைத்தது, குமிழ் மட்டும் வரவில்லை, நோயும் வரவில்லை. கண்டிடாவிலும் இதே குடும்பத்துக் கைனேஸ் ஒன்று நூல் விடச் சொல்கிறது. வாய்க்குள் இருக்கிற பங்கசுக்கும் வயலில் இருக்கிற பங்கசுக்கும் ஒரே கம்பி, வேறு வேறு மணி.

நவம்பர் 18, இரவு

பெரட்டு உவமையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு வரிசை என்று காலையில் நானே எழுதிவிட்டேன். ஒரு தொர, ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு கங்காணி என்றால் ஒரே கட்டளைதான். இங்கே நாலு தொர, ஆளுக்கொரு சத்தம். காபனீரொட்சைட்டு கூடினால் இருகாபனேற்று அயன் நேராக அடினைலைல் சைக்ளேஸையே உசுப்புகிறது, ராஸ் வரை போகவே வேண்டாம். சீரத்துக்குள் பக்டீரியாக்களின் சுவர்த் துணுக்குகள் இருக்கும், அவையும் அதே நொதியத்தில் போய் ஒட்டுகின்றன. பரிசோதனைக்குச் சீரம் எடுப்பது ஏன் என்று எனக்குப் படிக்கும்போது யாரும் சொல்லவில்லை. "சத்து இருக்கும்" என்றார்கள். சத்துக்காக இல்லை, செய்திக்காக.

நவம்பர் 19, காலை

பெயர் போடாத ஒருவர் என் மண்டையில் குட்டியிருக்கிறார். நன்றாகத்தான் குட்டினார். "குளிரில் கண்டிடா உருண்டைதான் என்றால், சோளமா அகாரில் 25 பாகையில் எப்படி நூல் வருகிறது?" என்கிறார்.

உண்மை. நானே நூறு தடவை செய்திருக்கிறேன். சோளமா அகாரில் (பங்கசு வளர்க்கிற கட்டிக் கூழ்) கீறி, மேலே கண்ணாடித் துண்டை மூடி, மேசை மேலேயே வைத்துவிடுவோம். வாட்டர் பாத் தேவையில்லை. இரண்டு மூன்று நாளில் நூலும் வரும், நூல் நுனியில் தடித்த சுவர் வித்தியும் வரும். அகாருக்குள் புதைந்துகிடப்பதே அங்கே செய்தி, அதற்கு சி.ஸெட்.எஃப்.1 என்று வேறு ஒரு ஆள் வேலை செய்கிறார். வேடிக்கை என்னவென்றால், சீரத்தில் நூலுக்கு உதவுகிற அதே ஈ.எஃப்.ஜி.1, புதைந்த குளிரில் நூலைத் தடுக்கிறது. இடத்துக்கு ஏற்ற பேச்சு.

ஆகவே என் முதல் குறிப்பில் "சும்மா இருக்கும்போது உருண்டை" என்றது அரைகுறை. திருத்தி வாசிக்கவும்.

நவம்பர் 19, மாலை

தேமல் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது மலசேசியா. நம் தோல் எண்ணெயைத் தின்று எல்லார் மேலும் உருண்டையாக இருப்பது. தேமல் பிடித்த இடத்தைச் சுரண்டிப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் போட்டுப் பார்த்தால் உருண்டைகளுக்கு நடுவே குட்டை நூல்களும் கிடக்கும். வெள்ளைக்காரர் புத்தகங்களில் இதற்கு ஏதோ இத்தாலியச் சாப்பாட்டை உவமை சொல்வார்கள். எனக்கு உடைந்த இடியப்பமும் சவ்வரிசியுமாகத்தான் தெரியும். முகம் சுளிக்காதீர்கள், நான் அதற்குப் பிறகும் இடியப்பம் சாப்பிடுகிறேன்.

நவம்பர் 21, இரவு

மூன்று நாளாக ஒரு சந்தேகம் குடைகிறது. உருவம் மாறுவதால் நோய் வருகிறதா, நோய் வரும்போது உருவமும் மாறுகிறதா?

1997இல் கண்டிடாவில் இரண்டு வரிசைகளின் நுனியில் இருக்கும் ஆட்களையும் சேர்த்து வெட்டினார்கள். நூல் வரவில்லை, எலியும் சாகவில்லை. "பார், நூல்தான் ஆயுதம்" என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அது முழுசாகத் திருப்தியில்லை. ஈ.எஃப்.ஜி.1 நூலை மட்டுமா பார்த்துக்கொள்கிறது? ஆயிரம் வேலை அதன் கையில். கங்காணியை வெட்டிவிட்டுக் கொழுந்து வரவில்லையே என்றால் எப்படி?

2003இல் செய்தது கெட்டிக்காரத்தனம். நூலைத் தடுக்கிற ஒரு பரம்பரை அலகுக்கு ஆளி வைத்தார்கள், டொக்சிசைக்கிளின் கொடுத்தால் தடை நீங்கும். கொடுக்காத எலிகளின் உறுப்புகளில் உருண்டைகள் நிறையவே இருந்தன, எலி உயிரோடு ஓடியது. மருந்தைக் கொடுத்து நூல் விடவைத்ததும் செத்தன. அப்படியானால் உருண்டை பரவுகிறது, நூல் கொல்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது.

நவம்பர் 22, காலை

பிடித்திருந்ததுதான் பிரச்சினை. 2016இல் வந்ததைச் சேர்க்காமல் படுத்துவிட்டேன். நூல் விடும்போது கண்டிடா 31 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்ன நஞ்சை விடுகிறது, கண்டிடலைசின். அதற்குரிய அலகை மட்டும் எடுத்துவிட்டால் பங்கசு அழகாக நூல் விடுகிறது, தோலுக்குள்ளும் நுழைகிறது, ஆனால் கலத்தைக் கிழிப்பதில்லை. அப்போது நூல் கத்தி இல்லை, கத்தியைக் கொண்டுபோகிற கை. சைக்ளிக் ஏ.எம்.பி கூடினால் உருவம் மட்டும் மாறுவதில்லை, கூடவே ஒரு பெட்டி சாமானும் கிளம்புகிறது. நுணுக்குக்காட்டியில் நமக்குத் தெரிவது உருவம், அதனால் அதையே பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

நவம்பர் 22, இரவு

"சமிக்ஞையை அடைத்தால் மருந்தாகாதா?" தங்கச்சி, நல்ல கேள்வி. சிக்கல் என்னவென்றால் அந்தக் கம்பிகளில் பல நமக்கும் உண்டு. கல்சினியூரின் என்ற ஒன்றை அடைத்தால் பங்கசு தடுமாறும். அதை அடைக்கிற டக்ரோலிமஸ் கையில் இருக்கிறது. ஆனால் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் கொடுக்கிற மருந்து. பங்கசு நோயாளிக்கு அதைக் கொடுத்தால் விளங்கும்.

வயலில் மட்டும் கொஞ்சம் வழி இருக்கிறது. எரிபந்தத்துக்கு அடிக்கிற ட்ரைசைக்லசோல் பங்கசைக் கொல்வதில்லை, மெலனினைத்தான் நிறுத்துகிறது. குமிழ் வரும், அழுத்தம் நிற்காது, ஊசி இறங்காது. உருவத்தைக் கெடுத்து நோயைத் தடுப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான உதாரணம் இல்லை. மெலனின் நமக்கும் இருக்கிறதே என்று கேட்காதே, பங்கசு அதைச் செய்கிற வழி வேறு.

நவம்பர் 24

தேயிலைச் சுவை பார்க்கிற ஒருவர் இழையில் இருக்கிறார் என்று தெரிந்தது, அவருக்காக. 1903இல் கொழும்புக்கு வந்து பல வருசம் இருந்த இத்தாலிய டொக்டர் அல்டோ கஸ்டெல்லானி, தேயிலை சுவைப்பவர்களின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார். சளியில் மதுவம் இருந்தது, அதுவே காரணம் என்றார். இன்றைக்கு அப்படிச் சட்டென்று சொல்ல மாட்டோம். நல்ல சுகத்தோடு இருப்பவர் சளியிலும் வாயிலிருந்து கண்டிடா வந்து கலக்கும். பயப்படாமல் உறிஞ்சிச் சுவை பாருங்கள்.

கண்டிடா டிரொபிகலிஸுக்கு 1910இல் பெயர் வைத்ததும் அவரே. எங்களுக்கு இன்றும் தலைவலி அந்த ஆள்தான். முளைக்குழாய் டியூப்பை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் அதுவும் பொய் நூல் விடத் தொடங்கி, புதுப் பிள்ளைகளை ஏமாற்றும்.

நவம்பர் 25, இரவு 11.20

அதே பெயரில்லாதவர் மறுபடியும். "கேத்தலைக் கழற்றிய பிறகு அதே டியூப்பைத் திரும்ப வைத்தீர்களா?" ஒரே வரி.

வைத்தேன். யோசித்துப் பார்த்தால் வைத்தேன். வாட்டர் பாத் 37க்கு வந்ததும் அதே டியூப்பை வைத்து மூன்று மணித்தியாலம் காத்திருந்தேன். விடியக்காலை பார்த்தபோதும் வால் ஒன்றிரண்டுதான், அதுவும் சந்தேகமாக. குளிரில் கிடந்து செத்துவிட்டது என்று நினைத்து, புதிய சீரத்தில், நித்திரைக் கலக்கத்தில் கை நடுங்க இலேசாகத் தொட்டுக் கலக்கினேன். அது ஒன்பது மணிக்கு வால் வாலாக வந்தது.

கண்டிடா 19, 20 பாகையில் நாலு மணித்தியாலம் கிடந்தால் சாகாது. அப்போ?

முதல் டியூப் எப்படி இருந்தது என்று இப்போது கண்ணில் நிற்கிறது. பால் மாதிரி. புதுசுதானே, நிறையப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று குடியை வழித்துப் போட்டிருக்கிறேன். கண்டிடா தன் கூட்டத்தை எண்ணும். ஒவ்வொரு கலமும் ஃபார்னசோல் என்ற எண்ணெய்ப் பொருளைக் கொஞ்சம் கசியவிடும், வாசனைத் திரவியங்களிலும் சேர்க்கிற சாமான்தான் அது. மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் கலத்துக்கு மேல் போனால் அது சேர்ந்து அதே அடினைலைல் சைக்ளேஸின் கையைப் பிடித்துவிடும்: "இங்கே நெருக்கடி, நூல் விடாதே." 2001இல் கண்டுபிடித்தது. அந்த டியூப்பில் நடந்தது முழுக்க ஃபார்னசோலின் வேலை என்று சத்தியம் செய்ய மாட்டேன், சீரத்தில் இருக்கிற அல்புமின் அதைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கட்டியாகக் கலக்கினால் வால் வராது என்பது பரிசோதனைத் தாளிலேயே இருக்கிற எச்சரிக்கை. இன்று புதுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன், "தொட்டால் போதும், வழிக்காதே" என்று. என் டியூப்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குளிரும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேத்தல் இல்லாமலிருந்தாலும் அந்த இரவு நான் "அல்பிகன்ஸ் அல்ல" என்றுதான் எழுதியிருப்பேன்.

நவம்பர் 26, மதியம்

அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். ஓய்வு பெற்று அப்புத்தளையில் இருக்கிறார். முழுக் கதையையும் சொன்னேன், ராஸ், சைக்ளேஸ், ஃபார்னசோல் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தனை வருசமா என்னைக் கேத்தல்னு கூப்புட்டது?"

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"அதை விடு. அந்தக் கேத்தல் இப்ப யாருகிட்ட இருக்கு? அது என் காசுல வாங்கினது."

டிசம்பர் 3

கேத்தலைத் தேடினேன். கலப்பு அறை அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அடி ஓட்டை. படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.